தலைகீழ் ட

எம்.சி. ரோட்டில் பட்டு எடுத்த கையோடு
மாடியேறி வருவார்கள் என்னிடம்.
சாதாரண நாளில் இரண்டு மூக்கு,
முகூர்த்த நாளில் ஏழெட்டு.
பழுப்புப் பவுடரில் இரு கோடு,
நடுவே வெளிச்சமாய் ஒன்று,
பஞ்சால் ஒத்தினால்
எந்தச் சப்பையும் கூராகும்
மண்டபத்தில் வியர்க்கும் வரைக்கும்.

என் மூக்குக்கும் பதினேழு வருஷமாய்
அதே இரு கோடு.
பள்ளியில் என் பெயர் குடமிளகாய்.
ரோஸ்லின் என்று கூப்பிட்டது
வருகைப் பதிவேடு மட்டும்.
“மூக்கும் முழியுமா இருக்கா” என்று
யார் யாரைச் சொன்னாலும்
முழியை மட்டும் எனக்கென்று எடுத்துக்கொள்வேன்.

சீட்டு விழுந்தது.
சைமனிடம் சொன்னேன்.
“இன்னாத்துக்கு? நல்லாத்தான கீது”,
டிவியிலிருந்து முகம் திருப்பாமல்.

டாக்டர் தில்ஷாத் பேனாவைத் திறந்தார்.
ஊதா மை.
என்னைப் போலவே புருவத்தடியில் தொடங்கினார்.
நல்ல கை. பார்த்ததுமே தெரிந்துவிடும் எனக்கு.
“இதுவரைக்கும்தான் எலும்பு.
அழுத்திப் பாருங்க.”
கண்ணாடி உட்காரும் இடம் தாண்டியதும்
கெட்டி முடிந்து ஒரு நெகிழ்வு.
“இதுக்குக் கீழே எல்லாம் குருத்து.
மூக்குத்தி போட்டிருக்கீங்களே, அந்த மடலில்
அதுவும் இல்லை. கொழுப்பும் தோலும்தான்.”

பதினேழு வருஷம் சுண்ணாம்படித்த வீடு.
உள்ளே எத்தனை அறை என்று
கேட்டதே இல்லை நான்.

போனில் ஒரு விளம்பரப் பெண்ணைக் காட்டினேன்.
பார்த்தார். ஒன்றும் சொல்லாமல்
என் வலது துவாரத்தை மூடினார்.
“மூச்சு விடுங்க.”
விட்டேன். போன மாதிரி இருந்தது.
“எப்பத்துலருந்து இப்படி?”
எப்படி, என்று கேட்டேன்.

உள்ளே ஒரு சுவராம்.
பேசின் பிரிட்ஜ் வளைவில் மின்வண்டி சாய்வதுபோல
இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறதாம்.
சாய்வதுபோல, என்பது நான் சேர்த்தது.
“வெளியே ஒடுக்கினா உள்ளே வால்வு இறுகும்.
பத்து, பதினைஞ்சு டிகிரி இடுக்குதான் அது.
இவங்களுக்கு மூச்சு வருதான்னு
போட்டோவுல தெரியாது.
உங்க தோலும் தடிப்பு.
நான் கீழே செதுக்குறது
முழுசா மேலே வராது.”

அப்போ சுவரையே எடுத்துட்டா?

மருந்துச் சீட்டின் பின்னால் ‘ட’ எழுதி
தாளைத் தலைகீழாகத் திருப்பினார்.
“மேலே ஒரு சென்டிமீட்டர்,
முன்னாடி ஒரு சென்டிமீட்டர்.
இவ்வளவாவது விடணும்.
இதையும் எடுத்தா மூக்கு உட்கார்ந்துடும்.”
முகத்தின் நடுவே இத்தனை நாள்
ஒரு எழுத்து நின்றுகொண்டிருந்திருக்கிறது.

எட்டாம் நாள் மேலிருந்த ஓட்டைக் கழற்றினார்கள்.
கண்ணடியில் நாவற்பழ நிறம்,
என் பெட்டியில் இல்லாத ஷேடு.
நுனி கொஞ்சம் எழுந்திருந்தது.
கொஞ்சம்தான்.
நாத்தனார் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு
“இதுக்கா அம்மாம் துட்டு?” என்றாள்.

வீக்கம் வடிந்த ஒரு ராத்திரி
இடப்பக்கம் ஏதோ குளிர்ந்தது.
ஜன்னல் என்று நினைத்தேன். மூச்சு.
அதன் பின்னாலேயே மணலிக் காற்று,
அழுகிய முட்டையும் எரிந்த ரப்பரும்.
அதற்கடியில் காசிமேட்டு ஐஸ்,
அதற்கும் அடியில் சைமன் சட்டையின் கிரீஸ்,
என் தலையணையின் எண்ணெய்ச் சிக்கு.
முப்பத்தாறு வருஷம்
இந்த ஊருக்குப் பாதி வாடகைதான் கொடுத்திருக்கிறேன்.
குமட்டியது. வாயை மூடிக்கொண்டு
இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.

இன்று கொருக்குப்பேட்டைப் பெண், பெயர் தமிழரசி.
“மூக்கு ரொம்பப் பெருசா தெரியுதாக்கா?”
பிரஷ்ஷைத் தோய்த்தேன்.
எலும்பு முடியும் இடத்தில் என் விரல்
தானாகவே நின்றது.
“இந்தப் பக்கம் மூச்சு வருதா?”
“ஏங்க்கா?”
“சும்மாதான்.
அசையாதே, கோடு போடணும்.”