ரீடிங்

மே மாதத்து வேலூரில்
பதினோரு மணி வெயிலில் நின்ற ஸ்கூட்டரின் சீட்டில்
யோசிக்காமல் உட்கார ஒரு மனசு வேண்டும்.
எனக்கு அது சம்பளத்தோடு வந்தது.
மின்வாரியத்தில் கணக்கெடுப்பவள்,
நாளுக்கு நூற்றெண்பது மீட்டர்.

தண்ணி இல்லாத ஆறு,
மரம் இல்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை:
வெளியூர்க்காரர்கள் சொல்வதற்குள்
நாங்களே சொல்லிச் சிரித்துவிடுவோம்.
நானும்தான்.

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு லாட்ஜ்.
அறைக்கு அறை ஸ்டவ், மீன் வாசனை,
கொடியில் காயும் வங்காளத்துப் புடவைகள்.
நிரோத் என்று பெயர் சொன்னவர்
நாற்பது நாளில் கற்ற தமிழில் கேட்டார்:
"தீதி, இந்த மலை. பேர் என்ன?"

முப்பத்து நாலு வருஷமாய்
அதன் நிழல்பக்கம் குடியிருக்கிறேன்.
தெரியவில்லை.

அவர் ஊர் கடலோரத் தீவாம்.
சேறுதான் எல்லாம்.
அம்மி செய்யக்கூடக் கல் படகில் வரவேண்டும்.
மனைவி வார்டில் இருக்க
இவர் மாடியில் நின்று
போனில் எடுத்து வைத்திருந்தார்
நாற்பத்து மூன்று படம், ஒரே மலை.
ஆறு மணிக்குச் சாம்பல்.
உச்சியில் பார்க்க முடியாத வெள்ளை.
சாயங்காலம் பாறை இடுக்கெல்லாம்
கத்தரிக்காய்த் தோல் நிறம்.
ஒன்றைப் போல் ஒன்று இல்லை.

ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டேன்.
ஆளுக்கொரு பேர் சொன்னார்கள்.
கடைசி வண்டிக்காரர் மட்டும்,
"பேரு இன்னாத்துக்கும்மா,
கூப்டா வரப்போவுதா?"

அன்றைக்குக் கெட்டது என் கண்.

மெஹருன்னிசா வீட்டு மீட்டர் பெட்டியில்
எண்கள் தெரியும் கண்ணாடிமேல்
குளவி மண்ணப்பி மூன்று குடம் கட்டியிருந்தது.
பேனாவால் தட்டிவிட ஒரு நொடி போதும்.
"வேணாம்மா, உள்ள குடியிருக்கு" என்றாள்.
அட்டையில் எழுதினேன்: படிக்க இயலவில்லை.
மேலதிகாரி காரணம் கேட்டார்.
பூட்டிய வீடு என்றேன்.
பொய்யும் இல்லை.

அடுத்த முறை போனபோது
ஒவ்வொரு குடத்திலும் ஒரு ஓட்டை.
அதன் வழியே 4, 1, 7.
அவை பறந்துபோக எத்தனை யூனிட் ஆயிற்றென்று
எந்தப் பலகையிலும் ஓடவில்லை.

அப்புறம் கார்த்திகையில் பாலாறு வந்தது.
வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்,
வீட்டுக்கு ஆள் வருவதைப் போல.
காட்பாடிப் பாலத்தில் எல்லா வண்டியும் நின்றது.
பஸ் டிரைவர் இறங்கிவிட்டார்.
பாதி முகத்தில் சோப்போடு ஒருவர்,
சலூன் துண்டு கழுத்தில் அப்படியே.
ஒரு ஹாரன் இல்லை.
செம்மண் தண்ணீரில் நிமிர்ந்தபடி
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போனது,
யாரோ உட்கார்ந்து
இரண்டு கரையையும் பார்த்துக்கொண்டு போகிறமாதிரி.

படம் எடுத்தேன்.
அனுப்ப நம்பர் இல்லை.
ஜூனிலேயே அறையைக் காலி செய்துவிட்டாராம்.
மனைவி கூட நடந்து போனார்களா
என்று மேனேஜரிடம் கேட்க வாய் வரவில்லை.
ஏழாம் அறை சப்மீட்டரைப் பார்த்தேன்,
வேறு யாருக்கோ ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

மணி நாலரை.
மலை இன்று துவரம்பருப்பு நிறம்,
வடக்கு மூலையில் மட்டும் ஒரு கீற்று ஈரம்.
எங்கிருந்து என்று தெரியவில்லை.
இன்னும் அறுபத்திரண்டு வீடு பாக்கி.