தீக்காவல்

ஃபின்ச் அவெனியூவுக்கு வடக்கே
டயர்க்கடைக்கும் டைல்ஸ் கிடங்குக்கும் நடுவில்
பதினாலாம் இலக்கக் கதவு. உள்ளே அம்மன்.
மாசியில் ஒருநாள் என்னைக் கூப்பிடுவார்கள்,
கும்பிட அல்ல.
ஓமப் புகை ஏறினால்
கூரையில் பதினொரு கருவிகளும் அலறும்,
தீயணைப்பு வண்டி வரும்,
வீண் அலறலுக்குத் தண்டம் கட்டவேணும்.
ஆகவே நான்.

ஏணியில் ஏறி ஒவ்வொன்றுக்கும்
குளியல் தொப்பி மாதிரி ஓர் உறை போடுகிறேன்.
செயலாளர் தவநேசன் அண்ணை
கீழே ஏணியைப் பிடித்தபடி கேட்கிறார்:
"தம்பி, நீர் கும்பிடுறேல்லையாம், உண்மையே?"
பத்தடி உயரத்தில் நிற்பவனிடம்
கேட்கிற கேள்வியா இது!
ஏணி அவர் கையில்.
ஓம் என்றேன்.
"சண்டையாலையோ?"

எல்லாரும் அதைத்தான் நினைக்கிறார்கள்.
வசதியான காரணம்,
கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போகலாம்.
இல்லை அண்ணை,
சண்டைக்குள் நான் நல்லாய்க் கும்பிட்டேன்.
பங்கருக்குள் முழங்காலில் நாடி முட்டக் குந்தியிருந்து
தேவாரம் பாதியில் மறந்துபோக,
பக்கத்தில் வேதக்காரப் பெடியன் ஒருத்தன்
செபமாலை உருட்டிய முணுமுணுப்பில் தொற்றிக்கொண்டு
மிச்ச இரவைக் கடந்தேன்.
அங்கே கடவுள் நெருக்கமாய்த்தான் இருந்தார்.
இடம் போதாததாலும் இருக்கலாம்.

இங்கே வந்து,
வீட்டுக்கடன் சரிவந்து,
மகள் ஆரபியின் பல்லுக்குக் கம்பி போட்டு,
ஒருமாதிரி எல்லாம் ஓய்ந்த பிறகு
ஒரு செவ்வாய்க்கிழமை திருநீறு பூச மறந்தேன்.
புதனும்.
பஸ்ஸில் கையுறை தவறுவது மாதிரி.
தவறும்போது தெரியாது,
இறங்கி இரண்டு தரிப்பிடம் நடந்து
விரல் விறைத்த பிறகுதான் பொக்கற்றைத் தடவுவோம்.
எனக்கு விரல் விறைக்கவுமில்லை.
கொஞ்சநாள்
அதுதான் பயமாய் இருந்தது.

சட்டம் ஒன்று இருக்கிறது:
கருவிகளை மூடினால்
மூடிய நேரம் முழுக்க ஒரு மனிதன் விழித்திருக்க வேணும்.
அரை மணிக்கொருதரம் கட்டடத்தைச் சுற்றிவந்து
நேரம், இடம், கண்டது, கையெழுத்து.
ஃபயர் வாட்ச் என்பார்கள்.
தாளின் தலைப்பில் நான் தீக்காவல் என்று எழுதுவேன்,
யாரும் கேட்பதில்லை.

9.30. மடைப்பள்ளி. அடுப்பில் பொங்கல். சரி.
10.00. சப்பாத்துத் தட்டு. உருகிய ஸ்னோ, வழுக்கும். சரி.
10.30. பின் ஷட்டர், சகடைத் தேர். வெளியே மைனஸ் பத்தொன்பது. சரி.
11.00. அடுக்கிய கதிரைகளுக்குப் பின்னால்
பட்டுச்சேலைக்கு மேல் குளிர் ஜக்கெற் போட்ட ஒருத்தி,
மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டி,
அம்மன் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்து அழுதாள்.
ஒரு சொல்தான் கேட்டது: "போதும்."
வேண்டுதலா, விடைபெறுதலா, தெரியாது.
ஒரு கதிரையை இறக்கி அவளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு
சத்தம் போடாமல் வந்தேன்.
தாளில் அதற்குக் கட்டமில்லை.
சரி என்று எழுதக் கை வரவில்லை.

பூரணாகுதி.
நெய் குடித்த தீ
குருக்களின் தலைக்கு மேல் எழும்பி நின்றது.
உறைக்குள் பதினொரு கண்களும் ஒன்றும் காணவில்லை.
நான் கண்டேன்.
அழகாய்த்தான் இருந்தது,
அதை மறுக்க எனக்கு என்ன தேவை.

உறைகளைக் கழற்றினேன். பச்சை விளக்கு வந்தது.
குருக்கள் திருநீற்றுப் பொட்டலம் ஒன்றை நீட்டி
"உமக்கு வேண்டாம் எண்டால் வானுக்குப் பூசும்" என்றார்.
வான் லாச்சியில் இது எட்டாவது.
பூசினதுமில்லை, எறிந்ததுமில்லை.
பக்கத்தில் ஒற்றைக் கையுறை ஒன்று,
சோடி எந்தப் பஸ்ஸில் போகிறதோ.

எஞ்சின் சூடேற நேரமெடுத்தது.
மடியில் தாள்.
பதினொரு மணிக் கட்டம் வெறுமையாய்க் கிடந்தது.
அதைப் பார்த்துக்கொண்டு
கண்ணாடியில் பனி கரையும் வரை இருந்தேன்.