பாஸிங்

முல்க்கியாவை மட்டும் காட்டினான் துராப் கான்.
இன்னும் ஏழு மாதம் இருக்கிறது,
இதற்கு மேல் என்ன வேண்டும் என்கிற மாதிரி
டேங்கின் மேல் வைத்து விரலால் தட்டினான்.

வேண்டும்.
போன முறை இரண்டாயிரத்து நானூறு திர்ஹம் கொடுத்து வாங்கியதில்
சேஸிஸ் எண்ணை அரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள் என்று
கவுண்டர்ப் பெண் உரக்கச் சொன்னபோது
என் பின்னால் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.
அதிலிருந்து
காகிதம் பார்க்காமல் நான் கரக் சாயாகூடக் குடிப்பதில்லை.

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா பத்து.
இரவு பதினொன்று. சுவரில் சாய்ந்தால் இன்னும் சுடுகிறது.
சாப்பாட்டுப் பெட்டியின் அடியிலிருந்து
நான்கு வருஷத் தாள்களை உருவிக் கொடுத்தான்.
ஒன்றில் பிரியாணி எண்ணெய் ஊறியிருந்தது.
ஊறிய இடத்தில் எழுத்து கூடுதல் தெளிவு.

இருபத்தொன்று: பாஸ். நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர்.
இருபத்திரண்டு: முன் பிரேக் ஃபெயில்.
நான்கு நாள் கழித்து பாஸ். சரி, பழுது பார்த்திருக்கிறான்.
இருபத்துமூன்று: காலை எட்டு பத்துக்கு
பின் டயர் ஃபெயில்.
எட்டு ஐம்பத்தைந்துக்கு பாஸ்.

நாற்பத்தைந்து நிமிஷம்.
அதற்குள் டயர்க் கடைக்காரன்
ஷட்டரைக்கூடத் தூக்கியிருக்க மாட்டானே.

கடைசித் தாளில் டயர் பிறந்த தேதி இருந்தது:
முப்பத்தொன்றாம் வாரம், இருபத்திரண்டு.
மண்டியிட்டு டார்ச் அடித்தேன்.
ரப்பரில் இருந்தது:
பதினான்காம் வாரம், பதினேழு.
விரலை ஓட்டினால் எங்கும் தடுக்கவில்லை.

பாஸான டயர் எங்கே, துராப்?

அஜ்மானுக்குப் போயிருக்கிறது என்றான்,
விருந்துக்குப் போன மாமனாரைச் சொல்வதுபோல.
திலக் தாப்பாவுக்கு வியாழக்கிழமை பாஸிங்.
அதற்கு முன் சஜாவில்.
அதற்கும் முன் முத்துப்பேட்டைக்காரன் ஒருவனிடம்,
உங்கள் ஆள்தான்.
ஒன்பது பேர் சேர்ந்து வாங்கியது.
வருஷத்தில் ஒன்பதே நாள் ஓடும்.
மிச்ச நாளெல்லாம் கட்டிலுக்கு அடியில்
கறுப்புக் கவருக்குள், ஏசியில்.
ஒருமுறைகூட ஃபெயில் ஆனதில்லை.

கோபம் வந்தது.
நல்ல டயரைத் தூங்கவிட்டு
வழுக்கை டயரில் ஒன்பது பேர்,
லாரிக்கும் லாரிக்கும் நடுவில்,
மணல் வழிந்த வளைவுகளில்,
யாருடைய சூப்பும் சிந்தாமல்.
வந்த கோபத்திலேயே கணக்கும் போட்டேன்.
நூற்றெண்பது திர்ஹம். ஒன்பதாய் வகுத்தால் இருபது.
மாதக் கடைசியில்
இருபதுதான் யாரிடமும் இருக்கும்.

எனக்கும் உண்டே பாஸிங்,
இரண்டு வருஷத்துக்கு ஒன்று.
மெடிக்கலுக்கு முந்தின வாரம் சிகரெட்டை நிறுத்துவேன்.
அறைத்தோழன் சாதிக்கின் இஸ்திரிச் சட்டையை
இரவல் வாங்கிப் போய்
அங்கே அதைக் கழற்றச் சொல்வார்கள்.
சில்லென்ற தகட்டில் நெஞ்சை ஒட்டி
மூச்சைப் பிடித்து நிற்பேன்.
நுரையீரல் படத்தில் நன்றாகத்தான் விழுகிறது.
வெளியே வந்து முதல் சிகரெட்டை
சட்டையில் சாம்பல் படாமல் பிடிப்பேன்.

முன்னூறு குறை என்றேன்.
நூறு என்றான்.
டயரில் என் பங்கும் உனக்குத்தான்,
அதற்கு விலையில்லையா என்றான்.
இருநூறில் கை குலுக்கினோம்.
அவன் உள்ளங்கை
ஆக்ஸிலரேட்டர் பிடியின் வரிகளோடே இருந்தது.

அந்த இரவு இருபதைத் தாண்டாமல் உருட்டி வந்து
மறுநாள் எட்டரைக்கு
டயர்க் கடை வாசலில் நின்றேன்.
ஷட்டரைத் தூக்கியவன் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு
இன்றைக்குப் பாஸிங்கா என்றான்.

இல்லை, ஓட்டுவதற்கு என்றேன்.

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.
விலையில் பத்து திர்ஹம் ஏற்றிச் சொன்னான்.