கழுவிய பின் எஞ்சியவை

பூனை மாதிரி முதுகை வளைச்சு உட்காரும்மா என்றேன்.
"பத்து வருசமா அப்படித்தானுங் உட்கார்ந்திருக்கேன்"
என்றாள் கோகிலவாணி.
திருப்பூர், ராயபுரம், ஓவர்லாக் மெஷின்.
சொல்லித்தர ஒன்றும் இருக்கவில்லை.

மூன்றாம் எலும்புக்கும் நான்காவதற்கும் நடுவே
கட்டைவிரல் ஒரு சந்தைத் தேடியது.
சவ்வு விலகும் அந்தச் சிறிய பொட்,
காதுக்குக் கேட்காது, விரலுக்குக் கேட்கும்.
பிறகு கண்ணீரைவிடத் தெளிவாய் ஒரு சொட்டு.
அதற்குள் இரண்டு மில்லி.

"கால் மரத்துப்போச்சா?"
"என்ர காலே இல்லீங் இது."

ஸ்பிரிட் பஞ்சால் தொடை, வயிறு, விலா என்று ஏறிக்கொண்டே போனேன்:
சில்லுன்னு இருக்கா, இருக்கா, இப்ப இருக்கா.
மார்புக்குக் கீழே ஒரு கோட்டில் ஆமாங் என்றாள்.
கோட்டுக்கு இந்தப் பக்கம் கோகிலவாணி.
அந்தப் பக்கம் மரம்.

இரண்டு நாற்பதுக்கு ஒரு பெண் குழந்தை கத்தியது.
பின்னாலேயே நஞ்சுக்கொடி,
ஒன்பது மாதம் ஒட்டியிருந்த சுவரை விட்டு,
சண்டை போடாமல் காலி செய்யும் குடித்தனக்காரரைப் போல.
(சிலருக்கு அது விடாது.
அந்த இரவுகளைப் பற்றி நான் எழுதுவதில்லை.)

கையெழுத்தைக் காலையிலேயே வாங்கியிருந்தேன்.
புருசன் லோகநாதனுக்குச் சாயப்பட்டறை வேலை.
நகக்கண் பத்தும் நீலம்.
"புதைக்கணும்னு ஊர்ல சொன்னாங்.
நாங்க லைன் வீட்டுல இருக்கறமுங்.
முன்னாடி சிமெண்ட்டு, பின்னாடி சாக்கடை.
நீங்களே எடுத்துக்குங்க."

பிறகு, போகாமல் நின்று:
"அதை என்னங் பண்ணுவீங்க?"

செல்களைப் பிரித்துத் தட்டில் விடுவோம்.
கால் நீட்டித் தரையைப் பிடிக்கும்.
சில தட்டுக்கு மருந்து, சிலதுக்கு வெறும் உப்புநீர்.
அப்புறம் கழுவுவோம்.
கழுவின பிறகு நிற்பதை எண்ணுவோம்.

"அட, எங்களுதும் அதேதானுங்.
முக்கறப்ப எல்லாத் துணியும் புடிச்ச மாதிரித்தான் இருக்கும்.
அலசுனாத்தான் சாயம் தெரியும்."

கட்டுரையின் இரண்டாம் பத்தியில்
மூன்று மாதமாக நான் தடுமாறிக்கொண்டிருந்த வாக்கியம்.

அவினாசி சாலையில் முன் சீட்டில்
பெல்ட் போட்டு உட்கார்ந்து வந்தது ஐஸ் பெட்டி.
தெக்கலூர் தாண்டி ஒரு பஞ்சு லாரி வழிவிடவில்லை.
பீளமேட்டில் ரஷீதா
முப்பத்தேழு டிகிரியைக் காத்துக்கொண்டு விழித்திருந்தாள்.

நுண்ணோக்கியில் முதலில் வெறும் உருண்டைகள்.
ஒரு மணி நேரத்தில் ஓரம் கலைந்து,
தோசைக்கல்லில் மாவு பரவுவதுபோல் பரவி,
அங்கங்கே ஊன்றிக்கொள்கின்றன.
ஒட்டுமில்லை உறவுமில்லை என்று கோபத்தில் சொல்கிறோம்.
இங்கே ஒட்டு மட்டும்.
யாருடைய செல், யாரை ஒட்டியிருந்தது,
எதுவும் தட்டுக்குத் தெரியாது.
மூடியில் எண் பதினேழு.

ஒரு பெண்ணின் கால்களை
மூன்று மணி நேரம் அவளிடமிருந்து வாங்கி வைக்கிற மருந்து
செல்லின் காலையும் தளர்த்துமா?
அவ்வளவுதான் கேள்வி.

நாற்பத்தொரு பெண்கள், பதினான்கு மாதம்.
எங்கள் தட்டுகளில், அந்த அளவில், வேறுபாடு இல்லை.
ரஷீதா மூன்றாம் முறையும் எண்ணினாள்.
நிம்மதிப்படுவதா ஏமாறுவதா என்று புரியாமல்
எதிர்க்கடையில் டீ குடித்தோம்.
சர்க்கரை தூக்கலாக இருந்தது.

அதற்கெல்லாம் வெகு முன்னால், பதினேழாம் எண்ணின் மறுநாள் காலை.
"வந்திருச்சுங், ரெண்டும்" என்றாள் கோகிலவாணி,
முதல் பஸ்ஸில் வந்திறங்கிய சொந்தக்காரர்களைச் சொல்வதுபோல.
குழந்தை மார்பைப் பிடித்தது, வழுக்கியது,
அழுதது, பிடித்தது.

முதுகுப் பிளாஸ்டரை உரித்தேன்.
ஊசி போன இடம் எது என்று எனக்கே தெரியவில்லை.
சதுரமாய்ப் பசை மட்டும் நின்றது.
அதில் கட்டிலில் விரித்த பனியன் வேஸ்ட்டின் பஞ்சு,
வெள்ளை இழைகள், நடுவே கொஞ்சம் நீலம்.
ஸ்பிரிட் தொட்டு இரண்டு முறை துடைத்தேன்.
முழுக்கப் போகவில்லை.
நான் எண்ணவும் இல்லை.