இருபத்திரண்டு டைல்ஸ்

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டின மாடிவீடு.
வாடகைப் பத்திரத்தில் என் பெயர் இருக்கிறது.
வனத்துறைத் தாளில் அதற்குப் பெயர் இல்லை,
எண் மட்டும்.

வந்த அன்று கண்ணாடித் தொட்டியில் இருந்தது.
கண்ணாடி என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.
தெரிகிற பக்கமெல்லாம் போகிற பக்கம் என்று
நடந்துகொண்டே இருந்தது, நின்ற இடத்தில்.
மூக்கு உரசிய உயரத்தில்
வெள்ளையாக ஒரு கோடு.
மூன்றாம் நாள் பெல்லார்மின் அதை வெளியே எடுத்துவிட்டுத்
தொட்டியைப் பால்கனிக்குத் தூக்கிப்போனான்.
இப்போது அதில் புதினா.

கீழ்வீட்டு ஜெபமலர் அக்கா
படியில் பாதி ஏறி நின்று சொன்னாள்:
"ஆமை கேறின வீடும் அமீனா கேறின வீடும்..."
மிச்சத்தை மழைக்குக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.
குழித்துறைக் கோர்ட்டிலிருந்து அமீனா
ஏற்கெனவே இரண்டு தடவை வந்து
டீ குடித்துப் போயாயிற்று.
பயப்பட எங்களிடம் ஒன்றும் பாக்கியில்லை.

தரைதான் பிரச்சினை. வழவழ டைல்ஸ்.
பின்கால் இரண்டும் துடுப்புப் போட்டன,
உடம்பு அங்கேயே கிடந்தது.
கயிற்று மிதியடி பதினொன்று வாங்கி
ஓரத்தோடு ஓரம் சாக்கு ஊசியால் தைத்து
அடுக்களை வாசலிலிருந்து பால்கனிக் கதவுவரை
ரோடு போட்டேன்.
இருபத்திரண்டு டைல்ஸ். டைல்ஸுக்கு ஓரடி.

ரோட்டில் ஓர் ஆக்கிரமிப்பு: சோபா.
என் கல்யாணத்துக்கு அப்பா தந்தது,
பலாத்தடி, நாலு பேர் தூக்கணும்.
தினமும் அதே காலில் வந்து முட்டும்.
நிற்கும். யோசிக்கும்.
மறுபடியும் முட்டும்.
சுற்றிப் போ என்று அதற்கு யார் சொல்வது?
எனக்கே யாரும் சொன்னதில்லை.

சோபாவைக் கொடுத்துவிடலாம் என்றான் பெல்லார்மின்.
அது சோபா இல்லை, என் அப்பா, என்றேன்.
ஐந்து நாள் பேச்சில்லை.
ஆறாம் நாள் காலை அது
கால் இடுக்கில் மாட்டிக் கவிழ்ந்து
வானம் பார்த்துக் கிடந்தது,
நாலு காலும் காற்றைத் தேடிக்கொண்டு.
கருங்கல்காரர் ஒருவர் மினிலாரி கொண்டுவந்தார்.
அப்பா இறங்கிப் போகையில்
படிக்கட்டுச் சுவரில் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது.

இடவப்பாதி தொடங்கிவிட்டது.
வெயில் கிடையாது, வருகிற மாதிரியும் இல்லை.
கோழிக்குஞ்சுக்குக் கட்டுகிற பல்பை
ஒரு முனையில் தொங்கவிட்டேன்.
செம்பருத்திப் பூவை மறுமுனையில் வைத்தேன்.
சூடு வேண்டுமென்றால் இங்கே,
பூ வேண்டுமென்றால் அங்கே,
நடுவில் நடை.

பெல்லார்மினுக்குச் சுகர் இருநூற்று அறுபது.
டாக்டர் நாற்பது நிமிஷம் நடக்கச் சொன்னார்.
வெளியே எங்கே நடக்க?
பாலத்துக்கடியில் முழங்கால் தண்ணீர்.
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
ராத்திரி ஒன்பது மணிக்கு
அவனும் என் ரோட்டில் இறங்கினான்.
அது ஒரு தடவை போய்ச் சேருவதற்குள்
இவன் ஏழு தடவை போய்வருகிறான்.
தாண்டும்போதெல்லாம்
"ஓரமா போவும் ஓய்" என்கிறான்.
அது போவதில்லை.
இவன்தான் ஒதுங்குகிறான்.
எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம்,
இவன் யாருக்கும் ஒதுங்கி நான் பார்த்ததில்லை.

ஜெபமலர் அக்கா கீழிருந்து கூப்பிட்டுக் கேட்டாள்:
"ராத்திரி மேல யாரு பிள்ளே நடக்கியது?"
ஆமை என்றேன்.
அதன்பிறகு அவள் கேட்கவில்லை.

நேற்று அது கதவடிக்குப் போய்
திரும்பாமல் நின்றது.
மழையில் உப்பின கதவு.
தோளைக் கொடுத்துத் தள்ளினேன், திறந்தது.
வாசற்படிக்கு ஒரு பலகையைச் சாய்த்து வைத்தேன்.
பாதியில் சறுக்கி, திரும்ப ஏறி,
ஈரத் தரையில் நாலு டைல்ஸ் போய்
தன் பழைய தொட்டியருகே நின்று
வெளியே தொங்கின புதினாவைத் தின்றது.

இருபத்தாறு என்று எழுதினேன்,
கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில்,
அவனுடைய சுகருக்குக் கீழே.