நாற்பதாவது நிமிடம்

முதல் வருஷம் எனக்கு எல்லாமே புகைதான்.
கறுப்பு என்றால் காற்று போதவில்லை,
வெள்ளை என்றால் தண்ணீர்,
நீலம் என்றால் ஆயில் எரிகிறது.
இராமநாதபுரத்தில் ஆறு நாள் பயிற்சியில் கொடுத்த தாளைக்
கடைத் தகரத்தில் ஒட்டியிருந்தேன்.
படகுக்காரர் வாயெடுக்கும்போதே
திரும்பித் தாளைப் பார்ப்பேன்.
தாளில் இல்லாத நோயோடு வருகிறவர்கள் மேல்
கோபம்கூட வரும்.

ஒருநாள் ஒரே இஞ்சின்
கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிக் கக்கியது.
தாள் கைவிரித்துவிட்டது.

உப்புக்காற்றில் அது உரிந்து விழுந்தபோது
மறுபடி ஒட்டவில்லை.
டீசல் நடக்கும் பாதை அதற்குள் தலையில் ஏறியிருந்தது:
டேங்க், குழாய், பில்டர், பம்பு, நாசில்.
ரேஷன் கடை வரிசை மாதிரி.
நகரவில்லை என்றால்
எந்த ஆள் மறிக்கிறார் என்று பார்த்தால் போதும்.
சாக்பீஸால் தரையில் வரைந்து பார்த்தேன்.
டேங்க் ஒரு கட்டம்,
கட்டத்திலிருந்து வெளியே ஒரு கோடு.
அந்தப் படத்தை வைத்து நாலு வருஷம் சோறு தின்றேன்.

போகப்போகப் படமும் வேண்டியிருக்கவில்லை.
பாம்பன் தெற்குவாடியில்
படகு கரை தொடுமுன்பே சத்தத்தைக் கேட்டு
"நாசில்" என்பேன்.
பெரும்பாலும் நாசில்தான்.
"அமலிக்குக் காதுலயே ஸ்பானர் இருக்கு" என்றார்கள்.
எனக்கும் அப்படித்தான் பட்டது.

இன்னாசியின் வல்லம்
நாற்பது நிமிடம் ஓடும், பிறகு நிற்கும்.
கடலில் மட்டும்.
கரையில் மூன்று மணி நேரம் ஓடவிட்டேன்,
மடியில் படுத்த பூனையாய் உறுமிக்கொண்டிருந்தது.
பில்டர் மாற்றினேன். நின்றது.
நாசில் மாற்றினேன். நின்றது.
பம்பு புதிது, ஏழாயிரத்து இருநூறு.
நின்றது.
இன்னாசி சண்டை போடவில்லை.
"நீயும் வா" என்றார்.

சோழகக் காற்று. குருசடைத் தீவு தாண்டி
சொன்ன நேரத்துக்கு நின்றது.
பலகையில் அலை தட்டுகிற சத்தம் மட்டும்.
காதுக்கு இனி வேலை இல்லை.
என் வரிசையில் ஐந்து பேரும்
அவரவர் இடத்தில் நல்லவர்களாக நின்றார்கள்.

டீசல் இருக்கிறதா பார்ப்போம் என்று
பழகிய கை மூடியைத் திருகியது.
ஸ்ஸ்ஸ்.
வெளியே இல்லை, உள்ளே.
சங்கு குளிக்கப் போனவர்
மேலே வந்து இழுக்கிற முதல் மூச்சு.

மூடியின் நடுவில் ஊசி நுழைகிற துளை.
அதில் ஒரு குளவி மண் வைத்துப் பூசியிருந்தது.
டீசல் இறங்க இறங்க உள்ளே வெறுமை ஏறி
நாற்பதாவது நிமிடம்
அது டீசலின் சட்டையைப் பிடித்து இழுக்கிறது.

கரையில் ஏன் நிற்கவில்லை?
சோதிக்க உட்காரும் ஒவ்வொரு முறையும்
முதல் வேலையாக மூடியைக் கழற்றி
ஓரமாக வைக்கிறவள் நான்தான்.
பார்க்கிற கையே வைத்தியம் செய்துவிட்டால்
நோய் எப்படி முகம் காட்டும்?

சேலை ஊக்கைக் கழற்றி மண்ணைக் குத்தி எடுத்தேன்.
இரண்டு சுற்றில் இஞ்சின் பிடித்தது.
திரும்பி வரும் வழியெல்லாம்
தரையில் வரைந்த அந்தக் கட்டம்தான் கண்ணில்.
வெளியே போகும் கோடு உண்டு.
உள்ளே வரும் கோடு இல்லை.
நாலு வருஷத்தில் ஒருநாளும் காற்றை நான் வரைந்ததில்லை,
அது எப்போதும் வந்துகொண்டிருந்ததால்.

இப்போதும் தூரத்தில் படகு தெரிந்தால்
காது "நாசில்" என்கிறது.
கேட்டுக்கொள்கிறேன், வெளியே சொல்வதில்லை.
எத்தனை நிமிடம், என்ன காற்று,
நிற்குமுன் யார் எதைத் தொட்டீர்கள் என்று விசாரிக்கிறேன்.
சில நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
சும்மா நிற்கிறேன்.
அதற்குக் கூலி கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

நாசில் பணத்தை இன்னாசியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
பம்புப் பணம் பாக்கி,
தடைக்காலம் முடிந்ததும் தருவதாகப் பேச்சு.
நினைவூட்டினால் "இருக்கட்டும்" என்கிறார்.
அந்த "இருக்கட்டும்"இல் எது அடைத்திருக்கிறது என்று
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.