முத்தத்துக்கு ஒன்று

முதலில் கவிழ்த்தது எங்கள் பெட்டிகளைத்தான்.
என் பெட்டியில் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி,
அக்காள் எழுதிய கடிதம் ஒன்று.
அதைக் கேப்டன் ரூப்பர்ட் உரக்கப் படித்தார்,
எழுத்துப்பிழை வந்த இடங்களில் நிறுத்தி நிறுத்தி.

சீமாட்டியின் முத்துமாலை அதில் இல்லை.
எவர் பெட்டியிலும் இல்லை.
ஆனாலும் பந்தி பரிமாறும் ஜோனாஸை
நிலக்கரி அறையில் தள்ளிப் பூட்டினார்கள்.
அவன் அப்பன் எப்போதோ இந்தத் தோப்பில்
முயல் பிடித்தவனாம். போதாதா?

வெளியே நார்தம்பர்லாந்து முழுக்கப் பனி.
கிறிஸ்துமஸ் மணி
பஞ்சுப் பொதிக்குள்ளிருந்து அடிப்பதுபோல் கேட்டது.
மதியம் பால்வண்டியில் வந்திறங்கினார்
இன்ஸ்பெக்டர் பிளென்கின்சாப்.
மூக்கு பீட்ரூட் நிறம்.
கம்பளம் நனையுமே என்று பூட்ஸைக் கழற்றி
ஒட்டுப்போட்ட காலுறையோடு கூடத்துக்குள் நடந்தார்.
அந்தக் கம்பளத்தைத் தேய்ப்பவள் நான்.
அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

கூடத்து நிலைப்படியில் புல்லுருவிக் கொத்து.
இங்கே அப்படி ஒரு வழக்கம்:
அதன் கீழே அகப்பட்ட பெண்ணுக்கு ஒரு முத்தம்,
முத்தத்துக்கு ஒன்றாக ஒரு வெள்ளைக் காய் பறிக்க வேண்டும்.
காய் தீர்ந்தால் முத்தம் தீர்ந்தது.
கேப்டன் என் பேரில் இரண்டு பறித்திருக்கிறார்.
ஒன்றுக்கும் என்னைக் கேட்கவில்லை.

"நேற்று கூடம் பெருக்கியது யார்?"
நான்தான், ஐயா.
"என்ன கிடந்தது?"
ஆரஞ்சுத் தோல், ஒரு கையுறைப் பொத்தான்,
மிதிபட்டு நசுங்கிய காய்கள்.
நள்ளிரவில் அந்தக் கொத்து மொட்டை, ஐயா.
சொன்ன பிறகுதான் நானே அண்ணாந்து பார்த்தேன்.
கொத்து நிறையக் காய்.

அவர் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை.
காதைச் சொறிந்தார்.
தேநீர் கேட்டார், இரண்டு சர்க்கரை.

ஐந்து மணிக்கு எல்லோரும் கூடத்தில்.
பேசிக்கொண்டே கையை உயர்த்தி
ஒரு காயைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டார்.
"விஷம்!" என்று அலறினாள் சீமாட்டி.
"துப்பும் ஐயா, துப்பும்!" என்றார் சர் ஆஸ்வின்.
கேப்டன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.
குழந்தைகள்கூடக் கத்தின.
சர் ஆஸ்வினின் தங்கை மிஸ் ஹெஸ்டர் மட்டும்
பின்னிக்கொண்டிருந்த கண்ணியை முடித்து
அடுத்ததை எடுத்தாள்.

"நீங்கள் மட்டும் என்னைச் சாக விட்டீர்கள், அம்மணி"
என்றார் இன்ஸ்பெக்டர்,
பல்லில் நறநறவென்று எதையோ தேய்த்தபடி.
"மணல்போல் உரசுகிறது. நல்ல முத்து."

துளைக்கொரு காம்பாக நுழைத்து
மெழுகு வைத்து ஒட்டியிருந்தாள்.
ஊசி வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை.
"அம்மாவின் மாலை" என்றாள், தலை நிமிராமல்.
"போன வாரம் சாப்பாட்டு மேஜையில் இவள்
என்னைப் புல்லுருவி என்றாள்.
சரி, காய்க்கட்டும் என்று நினைத்தேன்."

இருபது வருடமாக அந்த நிலைப்படியில்
யாரும் அவளை நிறுத்தியதில்லை.
அதை அவள் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியும்.

சர் ஆஸ்வின் தொண்டையைச் செருமினார்:
இது குடும்ப விஷயம், வழக்கு வேண்டாம்.
"நிலக்கரி அறையில் இருப்பவன்
எந்தக் குடும்பம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.
ஜோனாஸ் வந்தான், கண் இரண்டு தவிர எல்லாம் கரி.
யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.
கம்பளத்தில் கால் வைக்காதே என்றார்கள்.

கோர்த்துப் பார்த்தபோது ஒரு முத்து குறைந்தது.
போலீஸ்காரர் விழுங்கிவிட்டார் என்று முடிவாயிற்று.
அவர் மறுக்கவில்லை.
வாசலில் குனிந்து பூட்ஸ் மாட்டும்போது
என் முறத்தை ஒரு கணம் பார்த்தார்,
பிறகு வானத்தைப் பார்த்து, "இன்னும் கொட்டும்" என்றார்.

ஈஸ்டருக்கு முன்னால் ஜோனாஸும் நானும்
நியூகாசிலுக்கு ரயிலேறினோம்.
டிக்கெட்டுக்குக் காசு ஏது என்று
எவரும் கேட்கவில்லை.
எங்களைத்தான் எதையும் கேட்பதில்லையே.